குழியின் ஞானத்தகப்பன்

நாபோரின் சமையலறைக் கூரை மேல் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் மல்லாந்து கிடந்தார்கள். மூன்றும் துணியில் அச்சடித்த முகம், மூன்றும் சிரித்த முகம். லோமா பெலாதா மேட்டில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். தேர்தல் முடிந்ததும் கம்பத்தில் கட்டிய விளம்பரத் துணி காற்றில் அறுந்து யார் வாசலில் விழுகிறதோ, அது அவர்களுடையது. தடித்த பிளாஸ்டிக் துணி. தகரத்துக்கு மேல் விரித்து மூலைக்கு ஒரு கல்லை வைத்தால் சில மழைக்காலம் தாங்கும். ஒரே ஒரு குறை. காற்று புகுந்து வெளியேறுவதற்காகத் துணியில் அங்கங்கே பிறை பிறையாக வெட்டியிருப்பார்கள். மழை அந்தப் பிறை வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். மூன்று பேரை ஒருவர் மேல் ஒருவராகப் போட்டும் ஒழுகத்தான் செய்தது. ஒருத்தர் ஓட்டையை இன்னொருத்தர் அடைப்பார் என்று நாபோர் நம்பியது அவன் தப்பு.

"மூஞ்சிய வானத்தப் பாத்துப் போடு கிழவா," என்று எல்பிதியா கீழேயிருந்து சொல்லியிருந்தாள். "நான் சமைக்கும்போது என்னயப் பாத்து ஒருத்தனும் இளிக்கக் கூடாது."

எல்பிதியா அவன் பெண்டாட்டி. மேட்டுக்குக் கீழே சந்தையில் இருபது வருஷம் கோர்தித்தா சுட்டு விற்றவள். மக்காச்சோள மாவைத் தட்டிக் கல்லில் போட்டு, உப்பி வந்ததும் வயிற்றைக் கீறி, பன்றித்தோல் வறுவலையும் மிளகாய்ச் சட்னியையும் திணித்துக் கொடுப்பாள். சர்க்கரை வியாதி அவளுடைய வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துக்கொண்டது. அதற்கு அவள் அழவில்லை. "மாவக் காலாலயா தட்டறேன்," என்றாள். ஆஸ்பத்திரி கொடுத்த சக்கர நாற்காலியில் ஏறி மறுபடி சந்தைக்குப் போகத் தயாரானாள். அந்த வருஷ மழையில்தான் தெரு இடிந்து உள்ளே போனது.

அந்தத் தெரு மலையை வெட்டிப் போட்டது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம். குழி சுவரிலிருந்து பள்ளம் வரை மொத்தமாக விழுந்திருந்தது. நாபோரின் வீடு மேல்பக்கம், சந்தை கீழ்ப்பக்கம். நடக்கிறவர்கள் சுவரோரம் போட்ட ஒற்றைப் பலகையில் சுவரைத் தடவிக்கொண்டே கடந்தார்கள். நாற்காலி கடக்க வழியில்லை. வேறு பாதை என்றால் மேலே ஏறி இறங்கும் படிக்கட்டு. அதற்கும் கால் வேண்டும்.

நாபோர் கொத்தனாரிடம் கையாளாக வேலை செய்தான். வேலை செய்த இடத்திலிருந்து இடிபாட்டைச் சுமந்து வந்து ராத்திரியும் பகலுமாகக் கொட்டிப் பார்த்தான். தெருக்காரர்களும் கொட்டினார்கள். அடியில் ஒரு பழைய ஓடை இருந்தது. ஒரு மழைக்கு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும். பெரிய குழாயை இறக்கி அதன் மேல் மண்ணை அடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு இயந்திரம் வேண்டும். இயந்திரத்துக்கு அரசாங்கம் வேண்டும்.

ஒருமுறை அவளை முதுகில் ஏற்றிப் பலகையில் இறங்கினான். நடுவில் அவன் இடுப்பு பிடித்துக்கொண்டது. முன்னும் போக முடியவில்லை, பின்னும் போக முடியவில்லை. முடிதிருத்தும் தாச்சோ கடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து இரண்டு பேரையும் இழுத்துக் கரையேற்றினார். அன்றைக்கு எல்பிதியா சொன்னாள்: "ஒரு சந்தைக்கே சோறு போட்டவ நான். சிமெண்ட் மூட்ட மாதிரி இன்னொருத்தன் முதுகுல வரமாட்டேன். போனா சக்கரத்துல போவேன்."

அதற்குப் பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து, கடையைப் பார்த்துக்கொண்ட தங்கச்சி குக்கா என்ன செய்கிறாள் என்று தினமும் அவனிடம் கேட்பாள்.

"சட்னில உப்பு போடறாளா?"

"போடறா."

"பொய் சொல்லாத."

"கம்மியா போடறா."

"இருபது வருஷத்த ஒரு சிட்டிக உப்புல தொலைக்கறா," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

நாபோர் மக்கள் இணைப்பு இல்லத்துக்குப் போனான். தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் வக்கீல் ரூபெலியோ அர்சாத்தே மக்களோடு இணைவதற்காகச் சந்தைக்குப் பின்னால் அதைத் திறந்து வைத்திருந்தார். அங்கே யாரெலி என்று ஒரு பெண். உறுப்பினரின் பெயர் தைத்த கையில்லாச் சட்டை போட்டிருந்தாள். பதவி, இணைப்பு ஒருங்கிணைப்பாளர். நல்ல பெண். யார் வந்தாலும் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொள்வாள்.

நாபோர் குழியைச் சொன்னான். எல்பிதியாவைச் சொன்னான். சந்தையைச் சொன்னான்.

"நீங்க சொல்றத உறுப்பினர் ரொம்பக் கவனமா கேட்டுக்கிட்டு இருக்காரு தோன் நாபோர்," என்றாள் யாரெலி. வயதானவர்களை மரியாதையாகத் தோன் போட்டுத்தான் அழைப்பாள்.

நாபோர் சுற்றும் பார்த்தான். சுவரில் ஒரு படம்தான் இருந்தது.

"எங்க இருக்காரு?"

"தலைநகர்ல. ஆனா கேட்டுக்கிட்டு இருக்காரு."

போகும்போது ஒரு நாள்காட்டி கொடுத்தாள். மாதத்துக்கு ஒரு படம். ஜனவரியில் உறுப்பினர் ஒரு கிழவியைக் கட்டிப்பிடித்திருந்தார். பிப்ரவரியில் வேறொரு கிழவியை. அடுத்த தடவை போனபோது போர்வை கொடுத்தாள். அதற்கடுத்த தடவை வண்டி வைத்து ஆளனுப்பி, எல்பிதியாவுக்கு ஒரு சக்கர நாற்காலியே கொடுத்தார்கள். பலகையில் இரண்டு பேர் அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சுவரைத் தடவி வந்து வைத்தார்கள்.

"ஏற்கனவே ஒன்னு இருக்கே தாயி," என்றான் நாபோர்.

"அது ஆஸ்பத்திரி குடுத்தது. இது உறுப்பினர் குடுக்கறது."

நாற்காலியின் முதுகுத் துணியில் உறுப்பினர் சிரித்தார். எல்பிதியா அதைப் பின்வாசலில் விடச் சொன்னாள். சிவப்புக் கோழி அதில் ஏறி முட்டையிடப் பழகிக்கொண்டது.

குழியில் விழுந்து அடிபட்டவர்கள் அதிகம் என்று இணைப்பு இல்லத்துக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம் குழிக்கரையில் கண் பரிசோதனை முகாம் போட்டார்கள். கண் சரியாகத் தெரியாததால்தான் விழுகிறார்கள் என்று தெருவுக்கே கண்ணாடி கொடுத்தார்கள். தாச்சோ தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழியை எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் தெரியுது," என்றார். "நான் நெனச்சதவிட ஆழம்."

குழிக்குப் பிறந்தநாள் கொண்டாடலாம் என்று சொன்னவரும் தாச்சோதான். அந்தப் பக்கத்து ஊர்களில் அது பழக்கம். வருஷம் திரும்பியும் மூடாத குழிக்கு ஒரு கேக் வாங்கி, கரையில் வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, பிறந்தநாள் பாட்டுப் பாடி, படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்புவார்கள். அதிகாரிகளுக்கு வெட்கம் வரும். வெட்கம் வந்தால் லாரி வரும்.

"வெட்கம் வரலன்னா?" என்று எல்பிதியா ஜன்னலிலிருந்து கேட்டாள்.

"கேக்காவது வரும்ல அம்மா."

பல நிறக் காகிதத்தில் தோரணம் வெட்டிக் கட்டினார்கள். குழிக்கு வெள்ளை ரிப்பன் சுற்றினார்கள். தாச்சோ அட்டையில் பெரிதாக எழுதித் தொங்கவிட்டார்: 'ஒரு வயசாச்சு. இன்னும் ஞானஸ்நானம் ஆகல. ஞானத்தகப்பன் தேவை.' குத்தலாகத்தான் எழுதினார். படம் எடுத்து இணைப்பு இல்லத்துக்கும் அனுப்பினார்கள். வெட்கத்துக்காகக் காத்திருந்தார்கள்.

பதில் உடனே வந்தது. உறுப்பினர் ஒத்துக்கொண்டார்.

தெருவில் யாருக்கும் எதை ஒத்துக்கொண்டார் என்று முதலில் விளங்கவில்லை. சாயங்காலம் கீழ்ப்பக்கம் நான்கு வண்டிகள் வந்து நின்றன. ஊதுகுழல் வாத்தியக்காரர்கள் இறங்கினார்கள். தெருக்காரர்கள் வாங்கிய கேக்கைப் போல ஆறு மடங்கு பெரிய கேக்கை ஆட்கள் பலகையில் தூக்கி வந்தார்கள். கடைசியாக வெள்ளைச் சட்டையில் வக்கீல் அர்சாத்தே வந்தார். பின்னால் யாரெலி, கையில் வெள்ளை மெழுகுவத்தியும் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றும் சிப்பியும்.

லோமா பெலாதாவில் விருந்துக்கு வந்தவரைத் திருப்பி அனுப்புவது இல்லை. கடன் கேட்டு வந்தவனுக்கும் முதலில் தட்டு வைப்பார்கள். ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார்கள். யாரோ அவருக்கு ஒரு குவளை சோளக்கஞ்சி கொடுத்தார்கள்.

"புள்ளைக்கு என்ன பேரு?" என்று உறுப்பினர் குழியைப் பார்த்துக் கேட்டார்.

குழிக்குப் பேர் வைக்க வேண்டும் என்று தெருவில் யாரும் நினைத்திருக்கவில்லை.

"ஞானத்தகப்பன் பேர வைக்கிறதுதான நம்ம வழக்கம்," என்றார். சிப்பியில் தண்ணீர் எடுத்துக் குழிக்குள் மூன்று தடவை ஊற்றினார். குழிக்கு ரூபெலித்தோ என்று பேராயிற்று. வாத்தியம் முழங்கியது.

"பெத்தவங்க யாரு?"

எல்லோரும் நாபோரைப் பார்த்தார்கள். குழிக்கு ஆக அருகில் இருந்தது அவன் வீடுதான். அவன் ஒரு அடி பின்னால் போனான். அதற்குள் உறுப்பினர் அவனை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு முதுகில் தட்டினார்.

"கொம்பாத்ரே," என்றார்.

அந்த வார்த்தை லேசுப்பட்டதில்லை. பிள்ளையைப் பெற்றவனும் ஞானத்தகப்பனும் அன்றிலிருந்து கூடப்பிறந்தவர்களை விட நெருக்கம். ஒருவரை ஒருவர் எதிர்த்துப் பேசக் கூடாது. ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருவர் போகாமல் இருக்கக் கூடாது. நாபோர் கூட்டத்துக்கு மேலாக ஜன்னலைப் பார்த்தான். எல்பிதியா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

ஞானத்தகப்பன் சில்லறை இறைக்க வேண்டும். இறைத்தார். தெரு சரிவல்லவா, இறைத்த காசு எல்லாம் உருண்டு உருண்டு குழிக்குள் போனது. பிறந்தநாள்காரர் கேக்கைக் கடிக்க வேண்டும், கடிக்கும்போது பின்னாலிருந்து முகத்தைக் கேக்கில் அமுக்க வேண்டும். குழியால் கடிக்க முடியாதென்று பிள்ளை சார்பாக உறுப்பினர் குனிந்தார். "கடி, கடி" என்று கூட்டம் கத்தியது. தாச்சோ முன்னால் போய், ஒரு வருஷக் கோபத்தை எல்லாம் உள்ளங்கையில் திரட்டி, அவர் பிடரியில் வைத்து அமுக்கினார். காது வரைக்கும் அமுக்கினார். தெருவே ஒரு கணம் சந்தோஷப்பட்டது.

உறுப்பினர் நிமிர்ந்தார். இமையிலும் மூக்கிலும் வெண்ணெய். சிரித்தார். நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்தார்கள். மறுநாள் ஊர் முழுக்க அந்தப் படம்தான். கீழே, 'மக்கள் அன்பில் மூழ்கினார்' என்று போட்டிருந்தது. தாச்சோ அதற்குப் பிறகு இரண்டு நாள் கடை திறக்கவில்லை.

கேக்கைத் துடைத்துக்கொண்டே உறுப்பினர் பேசினார். "நானும் உங்கள்ல ஒருத்தன்தான். எங்க வீட்லயும் பெரிய குழி இருக்கு. அதுல நீலக்கல்லு பதிச்சுத் தண்ணி விட்டுக் குடும்பத்தோட நீந்தறோம். குழிங்கறது ஒரு பிரச்சனையே இல்ல. நாம அத எப்பிடிப் பாக்கறோம்ங்கறதுதான்."

பேச்சு முடிந்ததும் நாபோர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனான். "ஐயா, இத மூடறதப் பத்தி..."

"ஐயா என்ன ஐயா. கொம்பாத்ரேன்னு கூப்பிடுங்க," என்று சொல்லி உறுப்பினர் வண்டியில் ஏறினார்.

யாரெலிதான் அவனை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப் போய் எடுத்துச் சொன்னாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள், அவனுக்கு அவமானமாகி விடக்கூடாது என்று. "தோன் நாபோர், யோசிச்சுப் பாருங்க. ஞானப்புள்ள. அத அவர் கையாலயே மண்ணப் போட்டு மூடச் சொல்றீங்களே, அவர் மனசு என்ன பாடுபடும்?"

நாபோர் தொப்பியை மாட்டிக்கொண்டான். "தப்புதான்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தான்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் எல்பிதியா.

"மனசு கஷ்டப்படுமாம்."

"யாருக்கு?"

அவன் பின்வாசலுக்குப் போய்க் கோழிக்குத் தண்ணீர் வைத்தான்.

அதிலிருந்து குழி பரபரப்பாகிவிட்டது. அதற்குச் 'சமூக ஒன்றுகூடல் மையம்' என்று பலகை வைத்தார்கள். குழிக்கரையில் இலவச முடிவெட்டு முகாம் நடந்தது. அதில் தாச்சோவின் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் போய் வெட்டிக்கொண்டார்கள். பெண்களுக்கு நடன உடற்பயிற்சி வைத்தார்கள். இடப்பக்கம் குதி என்றதும் கடைசி வரிசையில் ஒருத்தி காணாமல் போனாள். ஏணி வைத்து எடுத்தார்கள். உறுப்பினர் தலைநகரில் வருடாந்தரச் செயல் அறிக்கை வாசித்தபோது நாபோரைப் புதுச்சட்டை போட்டுக் கூட்டிப்போய் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். "என் கொம்பாத்ரே," என்று மேடையிலிருந்து கை காட்டியதும் அவன் எழுந்து நின்றான். எப்போது உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அறிக்கை முடியும் வரை நின்றான். அன்று அவனுக்குக் கூலி போயிற்று.

இதற்கு நடுவில் ஒருநாள் காலை நிஜமாகவே லாரி வந்தது.

நகராட்சி லாரி. பிறந்தநாள் படத்தைப் பார்த்து வெட்கம் அங்கே யாருக்கோ போய்ச் சேர்ந்திருந்தது. மேலே கயிறு போட்டுக் கட்டிய பெரிய சிமெண்ட் குழாய். பின்னால் மஞ்சள் நிற மண்வாரி இயந்திரம் உறுமிக்கொண்டு வந்தது. தெருவே வெளியே வந்து நின்றது. நாபோர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். எல்பிதியா தலையை வாரிக்கொண்டிருந்தாள். சந்தைக்குக் கட்டும் கட்டம்போட்ட முன்துணியை மடியில் எடுத்து வைத்திருந்தாள்.

ஓட்டுநர் இறங்கிக் குழியைப் பார்த்தான். "மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுடும்," என்றான். அவ்வளவு லேசாகச் சொன்னான்.

யாரெலி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "இது உறுப்பினரோட திட்டத்துல இருக்கற குழி. நகராட்சி கைவைக்கக் கூடாது. மேயர் கட்சிக்காரங்க பேரத் தட்டிட்டுப் போகப் பாக்கறாங்க."

"எனக்கு மூடச் சொல்லி உத்தரவு," என்றான் ஓட்டுநர்.

"இதுக்கு அப்பா இருக்காரு. அவரக் கேளுங்க."

ஓட்டுநர் கூட்டத்தைப் பார்த்தான். "எதுக்கு அப்பா?"

"குழிக்கு," என்றார்கள் நான்கைந்து பேர்.

நாபோர் முன்னால் வந்தான். "மூடுங்க," என்றான். "நான்தான் அப்பா. மூடிருங்க."

"ஞானத்தகப்பன் சம்மதமில்லாம அப்பா மட்டும் எப்பிடிச் சொல்லலாம்?" என்றாள் யாரெலி. அவள் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது. "நீங்களா தோன் நாபோர் இப்பிடிப் பேசறது?"

ஓட்டுநர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். யாருக்கோ போன் செய்தான். யாரெலி யாருக்கோ போன் செய்தாள். வெயில் ஏறியது. குழாயின் நிழலில் நாய் ஒன்று வந்து படுத்தது. கடைசியில் ஓட்டுநர் வண்டியில் ஏறிக்கொண்டு, "குடும்பச் சண்டைல நான் தலையிடறதில்ல," என்றான். லாரி பின்பக்கமாகவே ஊர்ந்து இறங்கிப் போனது. திரும்ப அந்தத் தெருவில் இடமில்லை.

எல்பிதியா முன்துணியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். அன்றைக்கு உப்பைப் பற்றிக் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. நாபோர் அவனாகவே, "குக்கா இன்னிக்கு உப்பு சரியா போட்டிருந்தா," என்றான். "அப்பிடியா," என்றாள், யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேட்டதுபோல.

அவள் சந்தையை விட்டுவிட்டாள் என்று அவனுக்கு அப்போதுதான் பயம் வந்தது.

ரூபெலித்தோவுக்கு இரண்டாவது பிறந்தநாள் வந்தது. தேர்தல் பக்கத்தில் இருந்ததால் கூட்டம் அதிகமாக வரும், கரையில் இடம் போதாது என்று குழிக்கு மேலேயே மேடை போட முடிவாயிற்று. மேடைச் சாமான் வாடகைக்காரர்கள் இரும்பு உத்தரங்களைக் கொண்டுவந்து கரைக்குக் கரை இறக்கினார்கள். அந்த அகலத்துக்கு உத்தரம் இல்லாமல் வெறும் பலகை மேடையைத் தாங்காது, வளைந்துவிடும். உத்தரத்துக்கு மேல் பலகை. நாபோரையும் கூலிக்குக் கூப்பிட்டார்கள். அவனே பலகையைச் சுமந்தான், அவனே ஆணி அடித்தான். மேடைக்கு இரண்டு பக்கமும் சரிவுப் பலகை வைத்தார்கள்.

மத்தியானம் சாப்பிட வந்தவனிடம் எல்பிதியா ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "அந்தச் சரிவு எதுக்கு?"

"ஒலிபெருக்கிப் பெட்டிக்குச் சக்கரம் இருக்கு. உருட்டி ஏத்தறதுக்கு."

"ரெண்டு பக்கமுமா?"

"ஒரு பக்கமா ஏத்தி மறுபக்கமா எறக்குவாங்க."

அவள் கண் ஒரு சரிவிலிருந்து மறு சரிவு வரை போய் வந்தது. பிறகு, "பெட்டில இருக்கற முன்துணிய எடுத்துக் குடுத்துட்டுப் போ," என்றாள். விருந்துக்கு வரப்போகிறாள் என்று நாபோர் நினைத்துக்கொண்டான். சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தான்.

சாயங்காலம் மேடை நிறைந்திருந்தது. அப்பா என்ற முறையில் நாபோரின் கையில் கேக் தட்டைக் கொடுத்து உறுப்பினருக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். உறுப்பினர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"மக்களோட இணையறதுன்னா என்னன்னு நான் இந்தக் குழிகிட்டதான் கத்துக்கிட்டேன்," என்றார். "ஒரு காலத்துல நானும் வேல செஞ்சு குடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு தெருவுக்கு விளக்குப் போட்டேன். அதோட சரி. மறுநாள்லருந்து ஒருத்தர் என்னயக் கூப்பிடல. ஒரு விசேஷத்துக்குக் கூப்பிடல. வெளிச்சத்துல உக்காந்து அவங்கவங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. இன்னொரு தெருவுக்குத் தண்ணிக் குழா போட்டேன். என் பேரக்கூட மறந்துட்டாங்க. ஆனா இந்தத் தெரு அப்பிடியா? எத்தன தடவ வந்திருக்கேன். எத்தன தடவ கட்டிப்பிடிச்சிருக்கீங்க. இத மூடியிருந்தா நான் வந்திருப்பேனா? நீங்கதான் கூப்பிட்டிருப்பீங்களா? நமக்கு நடுவுல இருக்கற இந்தப் பாசமே இந்தக் குழிதான். அதுல யாரு மண்ணள்ளிப் போட்டாலும் நான் விடமாட்டேன்."

கை தட்டினார்கள். நிறையப் பேர் கண்ணாடி போட்டிருந்தார்கள், உறுப்பினர் கொடுத்த கண்ணாடி.

அப்போதுதான் மேல்பக்கச் சரிவில் சக்கரம் ஏறும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரி நாற்காலிக்கு ஒரு சக்கரம் கிறீச்சிடும். நாபோருக்கு அந்தச் சத்தம் தெரியும். எல்பிதியா கட்டம்போட்ட முன்துணி கட்டி, தலையை அழுத்தி வாரி, இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு வந்தாள். வாத்தியக்காரர்கள் வழிவிட்டார்கள். யாரையும் பார்க்காமல் நேராக வந்தாள்.

அவள் தன்னை வாழ்த்தத்தான் வருகிறாள் என்று உறுப்பினர் எண்ணிவிட்டார். குனிந்து கன்னத்தைக் காட்டினார். அவள் நிற்கவில்லை. கடந்து போனாள். படம் எடுப்பவன் முன்னால் ஓடினான். உறுப்பினருக்குப் பழக்கமுண்டு, அவர் தடுமாறவில்லை. இரண்டே எட்டில் பின்னால் போய் நாற்காலியின் பிடியைப் பற்றிக்கொண்டு, நிமிர்ந்து சிரித்து, கீழ்ப்பக்கச் சரிவு வரை தள்ளிக்கொண்டு வந்தார். சரிவில் கையை விட்டார். நாற்காலி அதுவாகவே வேகம் பிடித்தது.

"கிழவி," என்றான் நாபோர். கையில் கேக் தட்டு இருந்தது. கீழே வைக்க இடமில்லை. "கிழவி, எங்க போற?"

அவள் திரும்பவில்லை. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டு, போகிறவளுக்குக் கை தட்டியது.

கேக் வெட்டி முடியும் வரை அவனை விடவில்லை. பிறகு சந்தைக்கு ஓடினான். எல்பிதியா தன் கல்லுக்கு முன்னால் இருந்தாள். மாவு தட்டும் சத்தம் தூரத்திலிருந்தே கேட்டது. குக்கா பக்கத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள். எல்பிதியா நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வருஷமாக அவன் பார்க்காத முகம். ஒன்றைக் கீறிச் சட்னி வைத்து அவன் கையில் கொடுத்தாள்.

"உப்பு?"

"சரியா இருக்கு," என்றான்.

அவன் திரும்பி வரும்போது மேடை இல்லை. வாடகைக்காரர்களுக்கு அடுத்த மேட்டில் ஒரு பெண்ணின் பதினைந்தாம் பிறந்தநாள் விழா இருந்தது. உத்தரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "இன்னும் கொஞ்ச நேரம்," என்று கேட்டான். "என் வீட்டுக்காரி அந்தப் பக்கம் இருக்கா." வாடகைக்காரன் நல்லவன்தான். "எங்களுக்கும் நேரமாச்சு அண்ணே," என்றான்.

நாபோர் மறுபடி சந்தைக்குப் போனான். சொல்லத் தேவையிருக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தே எல்பிதியா தெரிந்துகொண்டாள்.

"முதுகுல கூட்டிட்டுப் போறேன்," என்றான். "இந்தத் தடவ தாச்சோவையும் கூப்பிட்டுக்கறேன்."

"சக்கரத்துல வந்தேன் கிழவா. சக்கரத்துலதான் திரும்புவேன்." கல்லைத் துடைத்தாள். "குக்காவோட கட்டில்ல படுத்துக்கறேன். குறட்ட விடுவா. நீ கோழிக்குத் தண்ணி வை."

கடைக்குப் பின்னால் குக்காவுக்கு இருந்தது ஒரு கட்டில், ஒரு அறை. மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. மேட்டு வீட்டையும் ஒரு வாரம்கூடப் பூட்டிப் போட முடியாது, தகரத்தை உருவிக்கொண்டு போய்விடுவார்கள். நாபோர் பலகையில் சுவரைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

திங்கட்கிழமை இணைப்பு இல்லத்துக்குப் போனான். யாரெலி எழுந்து வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"சந்தோஷமா தோன் நாபோர்?"

"அவ அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டா தாயி. அந்த உத்தரத்த ஒரு மணி நேரம் வாங்கிக் குடுத்தா..."

"நீங்க மொதமொதல்ல வந்தப்ப என்ன கேட்டீங்க? எம்பொண்டாட்டி சந்தைக்குப் போகணும்னு கேட்டீங்க. போயிட்டாங்களா இல்லியா?"

"போயிட்டா."

"உறுப்பினரே தன் கையால தள்ளிவிட்டாரா இல்லியா?"

"தள்ளிவிட்டாரு."

"நெறவேறின கோரிக்கைய மறுபடி தொறக்க முடியாது. திரும்பி வரணும்னா அது புதுக் கோரிக்கை." அவனுக்காக நிஜமாகவே யோசித்தாள். "மூணாவது பொறந்தநாளுக்கு இன்னும் பெரிய மேடை போடறதா இருக்கோம். அது வரைக்கும் பொறுத்துக்கங்க. ஜெயிச்சு வந்துட்டா கண்டிப்பா போடுவாங்க." போகும்போது அடுத்த வருஷ நாள்காட்டியைக் கொடுத்தாள். அட்டையில் எல்பிதியா இருந்தாள்.

நாபோர் தினமும் வேலை முடிந்து சந்தைக்குப் போய் வரிசையில் நின்றான். முறை வந்ததும் எல்பிதியா அவனுக்கு இரண்டு கொடுப்பாள். கோழி முட்டையிட்டதா, தகரம் பத்திரமா என்று கேட்பாள். பின்னால் நிற்கிறவன் தொண்டையைக் கனைப்பான். "சரி, அடுத்தவருக்கு வழிவிடு," என்பாள். இரண்டொரு நாள் அவள் கண்ணும் கலங்கியது. புகை என்றாள். கடை நன்றாக ஓடியது. பழைய ஆட்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டார்கள்.

தேர்தலுக்காகக் குழிக்கு மேலே, சுவருக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவில், ஒரு புது விளம்பரத் துணி கட்டினார்கள். எல்பிதியா சக்கர நாற்காலியில், உறுப்பினர் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு. 'தடைகளைத் தாண்ட வைப்பவர்' என்று எழுத்து. நாபோர் காலையிலும் மாலையிலும் அதற்குக் கீழே பலகையில் நடந்தான். வக்கீல் அர்சாத்தே ஜெயித்தார். நாபோரும் ஓட்டுப் போட்டான். கொம்பாத்ரேயாயிற்றே, வேறென்ன செய்வான்.

முதல் பெருங்காற்றில் துணி அறுந்தது. நாபோரின் வாசலில்தான் விழுந்தது. கூரை முன்னைவிட மோசமாக ஒழுகிக்கொண்டிருந்தது. கோர்தித்தா கீறும் கத்தியை எடுத்துத் துணியைத் தரையில் விரித்து, உறுப்பினரை ஓரமாக வெட்டி எடுத்தான். முகம் போயிற்று, வெள்ளைச் சட்டை போயிற்று. கை மட்டும் நாற்காலியின் பிடியில் இருந்தது. அதை வெட்டினால் எல்பிதியாவின் தோளையும் சேர்த்து வெட்ட வேண்டும். விட்டுவிட்டான்.

கூரையில் ஏறி, படம் உள்ளே தெரிய வேண்டுமென்று கட்டிலுக்கு மேலிருந்த தகரத்தைக் கழற்றி, இந்தத் துணியை மட்டும் முகம் கீழே பார்க்கும்படி விரித்து, தகரத்தை ஓரத்துக்கு நகர்த்திக் கல்லை வைத்தான். இறங்கி வந்து கட்டிலில் படுத்துப் பார்த்தான். மேலேயிருந்து எல்பிதியா சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு அவனை நோக்கி வந்துகொண்டிருந்தாள். பின்னால் ஆளில்லாத ஒரு கை, பொன் பொத்தான் போட்ட கை, அவளை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.

காற்றுக்கு வெட்டிய பிறை ஒன்று அந்தக் கையின் மேலேயே விழுந்திருந்ததை அவன் கவனிக்கவில்லை. மழை வந்ததும் தெரிந்தது. அதன் வழியாகத்தான் ஒழுகுகிறது.